டைல் தேர்வு: கையில் பிடித்த துண்டும் கால் வைக்கும் தரையும்

கடையில் பார்த்தபோது அது நல்ல சாம்பல் நிறம். என் குளியலறைச் சுவரில் ஒட்டி, டைல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை நிரப்பும் கிரவுட் போட்டு, துடைத்துவிட்டுப் பார்த்தால் லேசாக ஊதா அடித்தது. டைலை யாரும் மாற்றிக் கொடுத்துவிடவில்லை. பெட்டியில் இருந்த எண் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடையில் தலைக்கு மேலே வெள்ளை வெளேரென்று வரிசையாக விளக்குகள்; என் குளியலறையில் ஒரே ஒரு மஞ்சள் பல்பு. அவ்வளவுதான் விஷயம். பல்பை மாற்றினேன், பாதி சரியானது. மீதிக்குக் கண் பழகிவிட்டது.

கையில் பிடித்துப் பார்க்கும் ஒரு துண்டும் அறை முழுக்கப் பரவிய தரையும் வேறு வேறு பொருள்கள். துண்டில் இணைப்புக் கோடுகள் இல்லை. திரும்பத் திரும்ப வரும் ஒரே டிசைன் இல்லை. உங்கள் ஜன்னல் வெளிச்சமும் இல்லை, மேலே நடக்கும் ஈரக் காலும் இல்லை. நமக்குப் பிடித்திருக்கிறதா என்பது முழுத் தரையைப் பார்த்தால்தான் தெரியும், அதைப் பார்க்கும்போதோ எல்லாம் ஒட்டி முடிந்திருக்கும். ஒட்டுவதற்கு முன்பே அந்தத் தரையை முடிந்தவரை பார்த்துவிடுவதற்கான படிகள் இவை.

படி 1: கடைக்கு முன்னால் வீடு

முதலில் உங்கள் வீட்டில் மாறாமல் இருக்கப்போகிறவற்றை எழுதிக்கொள்ளுங்கள். கதவின் மர நிறம், ஜன்னல் சட்டம், சமையல் மேடைக் கல், அடுத்த அறையின் தரை. புதுப்பிக்கும் வீட்டில் புது டைல் இந்தப் பழையவற்றோடுதான் குடித்தனம் நடத்த வேண்டும். சிவந்த மரமும் மஞ்சள் கலந்த சுவரும் உள்ள அறையில் நீலம் ஓடிய சாம்பல் டைலைப் போட்டால் ஒன்றையொன்று அழுக்காகக் காட்டும்.

மஞ்சளும் பழுப்பும் ஓடிய நிறங்கள் ஒரு குடும்பம். நீலமும் பச்சையும் ஓடியவை இன்னொரு குடும்பம். வெள்ளை, சாம்பல் என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். எந்தப் பக்கம் என்று தெரிய ஒரு வெள்ளைத் தாளை டைலின் மேல் வைத்துப் பாருங்கள். தாளுக்குப் பக்கத்தில் அதன் சாயம் வெளியே வந்துவிடும். அன்று என் கையில் ஒரு தாள் இருந்திருக்கலாம்.

அடுத்தது உங்கள் ரசனை. எல்லோரும் படங்களைச் சேர்த்து வைப்பார்கள், வையுங்கள். ஆனால் ஒரு படம் பிடித்திருந்தால், அதில் பிடித்தது டைல்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல படங்களில் நம்மை இழுப்பது பெரிய ஜன்னலும் சாமான்கள் இல்லாத அறையும்தான். டைல் சும்மா கூட இருந்திருக்கும். இதைவிட எனக்கு உதவிய பட்டியல் வேறு: இதுவரை குடியிருந்த வீடுகளில் எந்தத் தரை பிடிக்கவில்லை, ஏன்? முடி விழுந்தால் பளிச்சென்று தெரிந்த வெள்ளைத் தரை, கால்தடம் மறையாத கறுப்புத் தரை, எவ்வளவு தேய்த்தாலும் பள்ளத்தில் அழுக்கு போகாத சொரசொரப்புத் தரை. பிடித்ததைக் கேட்டால் மனம் தடுமாறும். பிடிக்காததைக் கேட்டால் பட்டென்று பதில் சொல்லும்.

படி 2: இடம் என்ன கேட்கிறது?

ரசனைக்கு முன்னால் ஒரு சல்லடை போட வேண்டும். அந்த இடத்துக்குத் தகுதியில்லாததை முதலிலேயே ஒதுக்கிவிட்டால், மீதி இருப்பவற்றில் மனம்போல் தேர்ந்தெடுக்கலாம்.

டைல் எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பதுதான் முக்கியமான பிரிவு. ஐ.எஸ்.ஓ. 13006 தரநிலைப்படி 0.5 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ உறிஞ்சுவது போர்சலின் வகை. விட்ரிஃபைடு என்று விற்கப்படுவது இந்தக் குடும்பம்தான். சாதாரணச் செராமிக் சுவர் டைல்கள் 10 சதவீதத்துக்கு மேல்கூட உறிஞ்சும். கடையிலேயே சோதிக்கலாம்: டைலின் பின்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். செராமிக் உடனே குடித்துக் கருத்துப்போகும்; விட்ரிஃபைடில் சொட்டு அப்படியே நிற்கும். செராமிக் மட்டம் என்று இதற்கு அர்த்தமில்லை. சுவருக்கு அது போதும். எடை குறைவு, வெட்டுவதும் துளையிடுவதும் சுலபம். தரைக்கும் மழை படும் வெளியிடத்துக்கும்தான் விட்ரிஃபைடு வேண்டும்.

வழுக்கல் இரண்டாவது. ஜெர்மன் தரநிலையில் ஆர்9 முதல் ஆர்13 வரை ஒரு வரிசை உண்டு. எண்ணெய் தடவிய சாய்தளத்தில் காலணியோடு ஒருவரை நடக்கவிட்டு, எந்தக் கோணத்தில் கால் வழுக்குகிறது என்று அளப்பார்கள். ஆர்9 என்றால் 6 முதல் 10 டிகிரி, ஆர்10 என்றால் 19 டிகிரி வரை, ஆர்11 என்றால் 27 டிகிரி வரை. வெறுங்காலுக்குத் தனியாக ஏ, பி, சி என்று சோப்புத் தண்ணீரில் செய்யும் சோதனை இருக்கிறது. அதில் சி தான் அதிகப் பிடிப்பு. உலர்ந்த கூடத்துக்கு ஆர்9 போதும். குளியலறைக்கு ஆர்10க்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. குளிக்கும் பகுதியில் பி குறியும் இருந்தால் நல்லது. ஆர்12, ஆர்13 எல்லாம் வீட்டுக்குள் வேண்டாம், துடைக்கும் துணியே கிழியும்.

மூன்றாவது தேய்மானம். மேலே கிளேஸ் என்ற கண்ணாடி போன்ற பூச்சு உள்ள டைல்களுக்குப் பி.இ.ஐ. என்று 0 முதல் 5 வரை எண் இருக்கும். 0 சுவருக்கு மட்டும். வீட்டுத் தரைக்கு 3 அல்லது 4. வெளியிலிருந்து செருப்போடு மண் வரும் வாசலுக்கு 4 என்றே பாருங்கள்.

இந்த மூன்றும் பெட்டியிலோ தயாரிப்பாளரின் விவரத்தாளிலோ இருக்கும். விற்பவர் 'எல்லாம் ஒன்றுதான்' என்று சொன்னால் விவரத்தாளைக் கேளுங்கள்.

இயற்கைக் கல்லில் மனம் போனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். மார்பிள் கால்சியம் கார்பனேட். புளிப்பான எது சிந்தினாலும், அமிலம் கலந்த எந்தக் கிளீனர் பட்டாலும் பளபளப்பு போய் வெளுத்த தடம் விழும். சீலர் என்ற அடைப்புத் திரவம் அடித்தால் கறை ஊறுவது குறையும். அமிலம் அரிப்பதை அது தடுக்காது. அந்தத் தடங்களையும் அழகாகப் பார்க்கும் மனம் இருந்தால் மார்பிள் உங்களுக்கானது. ஒவ்வொரு தடத்துக்கும் மனசு நோகும் என்றால் மார்பிள் அச்சுப் போட்ட விட்ரிஃபைடு நிம்மதி.

படி 3: பளபளப்பா, மேட்டா?

பளபளப்பான தரை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், அறை விசாலமாகத் தெரியும். கால்தடத்தையும் தண்ணீர்ச் சொட்டையும் ஜன்னலின் பிரதிபலிப்பையும் சேர்த்தே காட்டும். தரை மட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் இருந்தாலும் சாய்வாக விழும் வெயில் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் இதையெல்லாம் மன்னிக்கும். ஆனால் அதிகச் சொரசொரப்பான மேட் அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளங்கையைத் தேய்த்துப் பாருங்கள். கையில் பிராண்டினால் துடைப்பத்திலும் பிராண்டும். இரண்டுக்கும் நடுவே பட்டுப்போல் மங்கலாக மின்னும் சாட்டின் வகை ஒன்று இருக்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள் அதை ஏனோ தாண்டிப் போய்விடுகிறார்கள்.

படி 4: அளவும் கோடும்

இங்கேதான் ரசனை உண்மையில் வேலை செய்கிறது, இங்கேதான் ஆட்கள் குறைந்த நேரம் செலவழிக்கிறார்கள். தரை எப்படித் தெரியும் என்பதை நிறம் எவ்வளவு தீர்மானிக்கிறதோ அதே அளவு கோடுகளும் தீர்மானிக்கின்றன. சிறு கணக்குப் போடுவோம். 60 செ.மீ. சதுர டைலில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 3.3 மீட்டர் நீளக் கோடு வரும். 30 செ.மீ. டைலில் 6.7 மீட்டர். 10 செ.மீ. என்றால் 20 மீட்டர். 5 செ.மீ. மொசைக்கில் 40 மீட்டர். இத்தனை கோடுகளையும் கண் பார்த்தாக வேண்டும், கை துடைத்தாக வேண்டும்.

'சின்ன அறைக்குச் சின்ன டைல்' என்று ஒரு பேச்சு இருக்கிறது. நான் அதை நம்புவதில்லை. சிறிய அறையில் பெரிய டைல் போட்டால் கோடுகள் குறைந்து தரை அமைதியாக இருக்கும். பார்க்க வேண்டியது வெட்டுத் துண்டைத்தான். அறையின் அகலம் 3.1 மீட்டர், டைல் 60 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுவரிலிருந்து ஆரம்பித்தால் ஐந்து முழு டைல் போக மறுசுவரில் 10 செ.மீ. பட்டை மிஞ்சும், பார்க்கச் சகிக்காது. நடுவில் நான்கு முழு டைல் வைத்து இருபக்கமும் 35 செ.மீ. துண்டு வருமாறு பிரித்தால் அதே டைல், அதே அறை, கண்ணுக்கு ஒழுங்கு. அறையை அளந்து, கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டத்தை ஒரு டைலாக வைத்து வரைந்து பாருங்கள். பத்து நிமிட வேலை.

கோட்டின் அகலம் டைலின் விளிம்பைப் பொறுத்தது. சுட்ட பிறகு ஓரங்களை இயந்திரத்தில் சீவி ஒரே அளவாக்கிய டைலை ரெக்டிஃபைடு என்பார்கள். அதற்கு 2 மி.மீ. இடைவெளி போதும். சீவாத டைலில் அளவு கொஞ்சம் முன்பின் இருக்கும், 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் விட வேண்டும். கோடே தெரியாமல் ஒட்டிக் கொடுங்கள் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். இடைவெளி இல்லாமல் முட்டி ஒட்டினால் வெப்பத்தில் விரியும்போது டைலுக்குப் போக இடமிருக்காது. ஓரம் சில்லு பெயரும், சில சமயம் டைலே மேலெழும்பும். சுவரோரமும் அரை செ.மீ. விட்டாக வேண்டும், சுவரடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும்.

கிரவுட் நிறத்தில் முடிவு உங்கள் கையில். டைல் நிறத்திலேயே போட்டால் கோடு மறைந்து ஒரே பரப்பாகும். எதிர் நிறத்தில் போட்டால் கட்டம் கட்டமாக எழுந்து நிற்கும். வெள்ளை டைலுக்கு வெள்ளைக் கிரவுட், வெள்ளை டைலுக்குக் கரும்சாம்பல் கிரவுட்: இரண்டு புகைப்படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே டைல் என்று நம்ப முடியாது. எதிர் நிறம் போட்டால் வேலையில் உள்ள ஒவ்வொரு பிசகும் தெரியும், எனவே கைதேர்ந்த ஆள் கிடைத்தால் மட்டும். தரையில் சுத்த வெள்ளைச் சிமெண்ட் கிரவுட் வேண்டாம்; நடக்கும் பாதையில் மட்டும் மங்கி ஒரு சாலையே போட்டுவிடும். டைலைவிட ஒரு சாயல் அழுத்தமான நிறம் எடுங்கள். சமையல் மேடைச் சுவருக்கும் குளிக்கும் இடத்துக்கும் சிமெண்டுக்குப் பதில் பிசினால் ஆன எபாக்ஸி கிரவுட் நல்லது, கறை பிடிக்காது. ஆனால் பூசிய உடனே துடைக்கத் தெரிந்தவர் பூச வேண்டும். காய்ந்த எபாக்ஸிப் படலத்தை டைல் மேலிருந்து எடுப்பது பெரும்பாடு.

படி 5: டிசைன்

மரம், கல், சிமெண்ட் போன்ற டைல்கள் எல்லாம் அச்சுதான். ஒரு டிசைனில் எத்தனை வெவ்வேறு முகங்கள் அச்சாகின்றன என்று கேளுங்கள். இரண்டு மூன்று மட்டும் என்றால் ஒரே மர முடிச்சு தரை முழுக்க அணிவகுத்து நிற்கும், பார்க்கிறவருக்கு வேறெதுவும் தெரியாது. நிற வேறுபாட்டுக்கு வி1 முதல் வி4 வரை குறி உண்டு. வி1 எல்லாம் ஒரே மாதிரி. வி4 துண்டுக்குத் துண்டு வேறு. வி3, வி4 வாங்கினால் ஒரே ஒரு மாதிரியைப் பார்த்து முடிவெடுக்கவே கூடாது, நாலைந்து பெட்டியைப் பிரித்துப் பரப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

நீளமான மர டைல்களைச் செங்கல் அடுக்குப் போல் பாதிக்குப் பாதி தள்ளி வைக்கச் சொல்வார்கள். நீண்ட டைல்கள் சூளையிலேயே லேசாக வளைந்திருக்கும், நடுப்பகுதி சற்று மேடு. பாதி தள்ளினால் ஒன்றின் மேடும் அடுத்ததன் தாழ்ந்த முனையும் பக்கத்தில் வந்து காலில் தட்டும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் தள்ளினால் இது வெகுவாகக் குறையும்.

பூவேலை டைல் பிடிக்குமென்றால் தாராளமாகப் போடுங்கள், ஒரு வீட்டில் ஓர் இடத்தில். மற்றதெல்லாம் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கட்டும். அந்த ஒன்றை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு மற்றவற்றைத் தேடினால் வேலை பாதியாகிவிடும். எல்லா டைலையும் தனித்தனியாகப் பிடித்து வாங்கிய வீட்டில், எதுவும் யார் பேச்சையும் கேட்காத கூட்டத்தில் நிற்பதுபோல் இருக்கும்.

படி 6: வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்

இந்த ஒரு படியை மட்டும் தவிர்க்காதீர்கள். இரண்டு மூன்று டைலில் முடிவு நெருங்கியதும் ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு முழு டைல் வாங்கி வாருங்கள். உள்ளங்கை அளவு மாதிரித் துண்டு உதவாது.

தரை டைலைத் தரையில் படுக்க வைத்துப் பாருங்கள், சுவர் டைலைச் சுவரில் சாய்த்து வைத்துப் பாருங்கள். கடையில் தரை டைலும் நிற்க வைத்தே இருக்கும். படுக்க வைத்தால் வெளிச்சம் வேறு கோணத்தில் விழும், நிறமே வேறு மாதிரி தெரியும். காலையில், நடுப்பகலில், இரவில் விளக்குப் போட்டு என்று மூன்று வேளையும் பாருங்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்: 2700 கெல்வின் பல்பு மஞ்சள், 4000 நடுநிலை, 6500 நீலம் கலந்த வெள்ளை. விளக்கையும் மாற்றப்போகிறீர்கள் என்றால் முதலில் பல்பை வாங்கி மாட்டிவிட்டுப் பிறகு டைலைப் பாருங்கள்.

இரண்டு டைலுக்கும் நடுவே நீங்கள் நினைத்திருக்கும் கிரவுட் நிறத்தில் ஒரு தாள் பட்டையைக் கத்தரித்து வையுங்கள். மேலே தண்ணீர் தெளித்து வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள், ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டு. அழியாத மார்க்கரில் ஒரு கோடு போட்டு, சிறிது நேரம் விட்டுத் துடைத்துப் பாருங்கள். பாலிஷ் செய்த சில விட்ரிஃபைடு டைல்களில், பாலிஷ் செய்யும்போது நுண்துளைகள் திறந்து மை உள்ளே போய்விடும். அப்படித் தடம் தங்கினால் சமையலறைக்கு அது வேண்டாம்.

பிறகு டைலை அங்கேயே விட்டுவிட்டு ஒரு வாரம் அதைத் தாண்டித் தாண்டி நடமாடுங்கள். மூன்றாம் நாளே கண்ணை உறுத்துவது பத்தாண்டும் உறுத்தும்.

படி 7: பழைய வீட்டின் தொல்லைகள்

பழைய டைலை உடைக்காமல் மேலேயே ஒட்டலாமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. பழையது உறுதியாகப் பிடித்திருந்தால் ஒட்டலாம். ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைலையும் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளென்று சத்தம் வரும் இடம் அடியில் வெற்றிடம். ஓரிரண்டு என்றால் அவற்றை மட்டும் எடுத்து நிரப்பலாம். பல இடம் என்றால் உடைப்பதே வழி. மேலே ஒட்டினால் டைலும் அடிசிவ் என்ற ஒட்டும் பசையும் சேர்ந்து 12 முதல் 15 மி.மீ. வரை தரை உயரும். கதவின் அடியைச் சீவ வேண்டும், பக்கத்து அறையோடு படி விழும், குளியலறையில் தண்ணீர் வெளியே வராமல் தடுத்த பழைய தாழ்வு காணாமல் போகும். இதையெல்லாம் அளந்த பிறகே டைலின் தடிமனை முடிவு செய்யுங்கள்.

குளியலறையில் வாட்டம் இன்னொரு கட்டுப்பாடு. ஒரு மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. சரிவு வேண்டும். வடிகால் நடுவில் இருந்தால் நான்கு பக்கமும் உள்நோக்கிச் சரிய வேண்டும். பெரிய டைல் அப்படி மடங்காது, குறுக்கே வெட்ட நேரும். அங்கே சின்ன டைல் அல்லது மொசைக் தேவை. பெரிய டைல்தான் பிடிக்குமென்றால் சுவரோரம் நீள வடிகால் வைத்து ஒரே பக்கமாக வாட்டம் கொடுங்கள். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு டைலுக்கு அடியில் தனியாக வேண்டும். டைலும் கிரவுட்டும் தண்ணீரை நிறுத்திவிடும் என்று நம்பி விட்டுவிட்டால் கீழ்த்தளத்துக் கூரையில் பதில் கிடைக்கும்.

ஒட்டும் பசையையும் டைலோடு சேர்த்தே பேசி முடியுங்கள். விட்ரிஃபைடு தண்ணீர் குடிக்காததால் வெறும் சிமெண்ட் பால் அதைச் சரியாகப் பிடிக்காது, டைல் அடிசிவ் வேண்டும். கண்ணாடி மொசைக்குக்கும் வெளிர் மார்பிளுக்கும் வெள்ளை அடிசிவ்தான். சாம்பல் நிறப் பசை அடியிலிருந்து நிழலாகத் தெரியும்.

படி 8: வாங்குவதும் ஒட்டுவதும்

அறையின் பரப்போடு 10 சதவீதம் கூட்டி வாங்குங்கள். மூலைவிட்டமாகப் போட்டால் 15. இதற்கு மேல் ஒரு பெட்டி பத்திரமாக எடுத்து வைக்க. என்றோ ஒருநாள் குழாயைச் சரிசெய்யத் தரையை உடைக்கும்போது அதே டைல் கடையில் இருக்காது.

எல்லாப் பெட்டிகளிலும் நிறச் சாயலைக் குறிக்கும் ஷேட் எண்ணும் அளவுக் குறியும் ஒன்றாக இருக்கிறதா என்று வண்டியிலிருந்து இறக்கும்போதே பாருங்கள். வேறு தடவை சூளையில் வெந்தது நிறத்தில் நூலிழை மாறும். தனியாகப் பார்த்தால் தெரியாது, பக்கத்தில் ஒட்டினால் தெரியும். குறைந்தால் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

ஒட்டும் நாளன்று கூடவே இருங்கள், குறைந்தது முதல் ஒரு மணி நேரம். பசை போடாமல் நாலைந்து வரிசையைப் பரப்பி வைக்கச் சொல்லுங்கள், வெவ்வேறு பெட்டியிலிருந்து கலந்து எடுத்து. வாசலில் நின்று பாருங்கள்: முதலில் கண்ணில் படும் ஓரத்தில் முழு டைல் இருக்கிறதா, வெட்டுத் துண்டு கதவுக்குப் பின்னாலோ அலமாரிக்கு அடியிலோ போகிறதா. தாளில் போட்ட கட்டப் படத்தை மேஸ்திரி கையில் கொடுங்கள். அவர் சிரித்தாலும் பரவாயில்லை.

கிரவுட் காய்ந்த பிறகு சுத்தம் செய்கிறேன் என்று யாராவது ஆசிட் பாட்டிலைத் திறந்தால் நிறுத்துங்கள். அது சிமெண்ட் கிரவுட்டைத் தின்றுவிடும். மிச்சப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றும் முன், அதன் மேலிருக்கும் லேபிளைக் கிழித்து, கிரவுட்டின் நிற எண்ணையும் அதிலேயே எழுதி, சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.